பதினான்கு துண்டுச் சீட்டுகள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. உறைமேல் இருந்த கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன். பிரித்துப் படித்தபிறகுதான் உனக்குக் கண்புரை அறுவை முடிந்ததும், நீ சொல்லச் சொல்லப் பேரன் எழுதியதும் தெரிந்தது. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள். கண்ணைக் கசக்காதே. சினிமா பார்த்தாலே கண்ணைக் கசக்குகிறவள் நீ, அதனால் கொஞ்ச நாளைக்கு சினிமாவும் வேண்டாம்.

இங்கே பெரிய சேதி ஒன்றும் இல்லை. முழங்கால் வலி அப்படியேதான். ஓய்வு பெற்றபிறகும் பழக்கம் விடவில்லை; சனிக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆறு பேர் என்னிடம் வருகிறார்கள். எட்டு, ஒன்பது வயதுதான். கதை எழுதச் சொன்னால் பேய், ராஜா, பறக்கும் நாய் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறார்கள். ஒரு விலங்கைப் பற்றியோ மழை வரும் விதத்தைப் பற்றியோ எழுதச் சொன்னால் பேனாவைக் கடிக்கிறார்கள். நீ பேரனைப் பற்றிச் சொல்லியிருப்பதும் இதையேதான்: "தேனீயைப் பற்றி இவனுக்குத் தெரியாதது இல்லை, எழுது என்றால் அழுகிறான்." அதையும் அவன் கையாலேயே எழுத வைத்திருக்கிறாயே, உனக்கு எப்படி மனசு வந்தது!

அவன்மேல் தப்பில்லை. என்னைப் போன்றவர்கள்மேல்தான். வகுப்பில் இத்தனை வருஷம் நான் சொல்லிக்கொடுத்தது முன்னுரை, முடிவுரை, நடுவில் நாலு உள்தலைப்பு. அவ்வளவுதான். வீட்டுக்கு வாசல் கதவும் கொல்லைக் கதவும் மாட்டிவிட்டு, உள்ளே சுவரே எழுப்பாமல் குடியிருக்கச் சொன்னதுபோல. கதைக்கு இந்தத் தொல்லை இல்லை. "ஒரு ஊரில்" என்று ஆரம்பித்தால் அடுத்து யாராவது வரவேண்டும், அவருக்கு ஏதாவது நடக்கவேண்டும் என்பது மடியில் உட்கார்ந்து கேட்டே பழகிவிடும். தகவல் எழுத்தை அப்படி யார் அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள்? அமெரிக்காவில் நெல் டியூக் என்ற ஆய்வாளர் ஒன்றாம் வகுப்பு அறைகள் இருபதில் போய் உட்கார்ந்து பார்த்து, 2000-இல் எழுதினார்: தகவல் நூல்களோடு பிள்ளைகள் இருந்த நேரம் சராசரியாக ஒரு நாளைக்கு 3.6 நிமிடம். காதில் விழாத ராகத்தைப் பாடச் சொன்னால் அழாமல் என்ன செய்வான்?

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஆக்டோபஸ் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லச் சொல்லி, ஒரு சீட்டுக்கு ஒரு தகவல் என்று எழுதினேன். பதினான்கு சீட்டு சேர்ந்தது. எட்டுக் கை. மூன்று இதயம். நீல ரத்தம். நண்டு தின்னும். எலும்பு கிடையாது. சின்னச் சந்திலும் நுழைந்துவிடும். நிறம் மாறும். மை கக்கும். தாய் முட்டைக்குக் காவல் இருக்கும், இப்படி. எல்லாவற்றையும் தரையில் பரப்பி, "எது எதுக்குப் பக்கத்தில் இருக்கணும்னு ஆசைப்படுது, பாருங்க" என்றேன். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

இருக்கிறதிலேயே வாயாடாத பையன் ஒருவன், "எலும்பு கிடையாது" சீட்டை எடுத்துப் போய்ச் "சந்தில் நுழையும்" சீட்டோடு ஒட்டி வைத்தான். "இது இல்லாததாலதான் அது முடியுது" என்றான். மையையும் நிறத்தையும் இன்னொருத்தி ஒரே குவியலாக்கி, "ரெண்டும் தப்பிக்கிறதுக்கு" என்றாள். முட்டைச் சீட்டுக்குத்தான் சண்டை. கடைசியில் ஒரு சின்னவள் அதைத் தூக்கித் தனியாக வைத்து, "இது கதை மாதிரி போகுது. முட்டை போடும், சாப்பிடாம காவல் காக்கும், குஞ்சு வர்ற சமயத்தில செத்துப்போகும்" என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "நீல ரத்தம்" மட்டும் அநாதையாகக் கிடந்தது. அது ஏன் நீலம் என்று அப்போதுதான் ஒருவனுக்குக் கேட்கத் தோன்றியது. தேடிப் பார்த்தோம். நம் ரத்தத்தில் இரும்பு இருக்கும் இடத்தில் அதற்குச் செம்பு. உடனே பதினைந்தாவது சீட்டு எழுதி, பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஜோடி சேர்த்தார்கள்.

பானி மேயர் என்ற அமெரிக்க ஆய்வாளர் தகவல் எழுத்தைக் கட்டும் இந்த அமைப்புகளை எப்போதோ பிரித்துக் காட்டியிருக்கிறார். விவரிப்பது, வரிசையாகச் சொல்வது, ஒப்பிடுவது, காரணமும் விளைவும், சிக்கலும் தீர்வும் என்று ஐந்து. ஐந்தில் மூன்றைப் பிள்ளைகள் பெயர் தெரியாமலே தரையில் செய்துவிட்டார்கள். ஒப்பிடுவதற்கு அடுத்த வாரம் கணவாய் மீனைக் கொண்டுவந்தேன். அதற்கு எட்டுக் கையோடு இரை பிடிக்க நீளமான இரண்டு பற்றுக்கைகளும் உண்டு. மேயரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1980-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தபோது, எழுதியவர் கட்டிய அமைப்பையே பிடித்துக்கொண்டு திருப்பி எழுதியவர்களுக்குத்தான் படித்தது அதிகம் நினைவில் இருந்தது. ஆக, இது எழுதுவதற்கு மட்டும் உதவுகிற விஷயம் இல்லை.

ஆனால் பெயரை முதலில் சொல்லிக்கொடுத்து விடாதே. நான் ஒருமுறை "ஏனெனில், ஆகவே, மாறாக, இறுதியாக" என்று பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினேன். அடுத்த வாரமே ஒரு கட்டுரை வந்தது: "ஆக்டோபஸ் கடலில் வாழும். ஆகவே அதற்கு எட்டுக் கைகள்." சிரிப்பை அடக்கிக்கொண்டு பட்டியலைக் கிழித்தேன். தமிழில் காரணத்தைச் சொல்லத் தனிச் சொல்லே தேவையில்லையே. "இல்லாததால்" என்பதன் வாலில் இருக்கிற "ஆல்" போதும். "விட" வந்தால் ஒப்பீடு. "போய், பார்த்து, எடுத்து" என்று எச்சமாக அடுக்கினால் வரிசை. இப்போது பிள்ளைகள் படிக்கும் பத்தியில் இந்த வால்களை வட்டம் போட்டுப் பிடிக்கிறார்கள், பல்லி பிடிக்கிற மாதிரி.

இன்னொன்று. நன்னூலில் பவணந்தியார் சூத்திரங்கள் ஒன்றோடொன்று நிற்கும் விதத்துக்கு நாலு உவமை சொல்வாரே: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. நாம் பரீட்சைக்கு உருப்போட்டு மறந்தது. சிங்கம் நடந்துகொண்டே திரும்பிப் பார்க்கும், தவளை நடுவில் விட்டுவிட்டுத் தாவும் என்று சொன்னேன். இப்போது ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து, "டேய், இங்க தவளை" என்று ஓரத்தில் குறிக்கிறார்கள். அதே நூல் பத்துக் குற்றங்களில் ஒன்றாக "மற்றொன்று விரித்தல்", அதாவது எடுத்த பொருளை விட்டு வேறொன்றை நீட்டுவது, என்றும் சொல்கிறது. இந்தக் கடிதத்தை அவர்களிடம் காட்டமாட்டேன்.

சரி, உன் பேரனுக்கு வருகிறேன். உன் கையெழுத்துக்குக் கீழே, உனக்குத் தெரியாமல் அவன் சேர்த்ததை நீ பார்த்திருக்க முடியாது. அப்படியே எழுதுகிறேன்: "பாட்டி கண்ணுக்குள்ள இருந்த லென்ஸ் மங்கிப் போச்சு. அதனால எல்லாம் புகை மாதிரி தெரிஞ்சுது. டாக்டர் அதை எடுத்துட்டு புதுசு வெச்சாங்க. இப்ப காலண்டர் தேதி தெரியுதாம்." நாலே வரி. சிக்கல், அதன் விளைவு, தீர்வு, அப்புறம் என்ன ஆனது. ஒரு தவளைகூட இல்லை. இவனா எழுதத் தெரியாதவன்?

தேனீக் கட்டுரையை இப்போதைக்குக் கேட்காதே. இந்த நாலு வரியை அவனுக்கே வாசித்துக் காட்டு. ஏன் மங்கியது, புது லென்ஸ் எதனால் ஆனது என்று நீ கேள், அவன் டாக்டரிடம் கேட்டு வந்து எழுதட்டும். சீட்டில் எழுதினால் இன்னும் நல்லது.

இன்னொரு கண்ணுக்கு எப்போது தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று நீ சொல்லவே இல்லை. அடுத்த கடிதத்தையும் அவனையே எழுதச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி