குலேப்ராவில் அளவுக்கு நின்ற ஆட்கள்

அன்புள்ள எர்னஸ்ட் ஹாலன் அவர்களுக்கு,

நான் சிவில் இன்ஜினியர். வாராவாரம் சைட்டைப் படம் எடுத்து பில்லோடு வைப்பதும் என் வேலைதான். பள்ளத்தின் ஆழம் தெரியட்டும் என்று யாரையாவது உள்ளே இறங்கி நிற்கச் சொல்வேன். அந்தக் கண்ணோடுதான் உங்கள் பனாமா கால்வாய்ப் படங்களைப் பார்க்க உட்கார்ந்தேன்.

1907-இல் கால்வாய் ஆணையத்தின் புகைப்படக்காரராகச் சேர்ந்தீர்கள். 1937 வரை ஏறத்தாழ 16,000 படங்கள். அந்த மழையில், படம் பதியும் கண்ணாடித் தகடுகளைத் தூக்கிக்கொண்டு! நான் செல்போனைத் துடைப்பதற்கே சலித்துக்கொள்கிறவன்.

கால்வாய்க்காக மலையைப் பிளந்த இடமான குலேப்ரா மலைவெட்டின் படங்களை விட்டு நகர முடியவில்லை. வெட்ட வெட்ட அங்கே மண் சரிந்திருக்கிறது. 1907 அக்டோபரில் சரிந்த இடத்தின் பெயர் குக்கராச்சா. ஸ்பானிய மொழியில் கரப்பான்பூச்சி. பொருத்தம்தான், ஒழிந்தது என்று நினைத்தால் மறுபடி வந்து நிற்கும். மழையில் ஊறிய களிமண் வழுக்கி இறங்கி, நீராவி மண்வாரிகளையும் தண்டவாளங்களையும் மூடியது. இரண்டு பக்கத்து மலைப் பாரமும் அழுத்த, சில இடங்களில் பள்ளத்தின் தரையே மேலே எழும்பியதாம். தோண்டிய மட்டம் மறுநாள் இருக்காது என்றால் எந்த இன்ஜினியருக்குத் தூக்கம் வரும்? சரிவைப் படுக்க வைத்துப் படுக்க வைத்து, 670 அடியில் முடியும் என்று கணக்குப் போட்ட மேல் அகலம் ஏறத்தாழ 1,800 அடிக்குப் போய்விட்டது.

சரி, அந்தப் பள்ளத்துக்குள் எறும்பு மாதிரி தெரிகிறார்களே, அவர்கள்? பார்படோஸ் தீவிலிருந்து மட்டும் சுமார் 20,000 பேர் ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தார்கள். வெள்ளை அமெரிக்கர்களுக்குத் தங்க நாணயத்தில் சம்பளம் தரும் தங்கப் பட்டியல், இவர்களுக்கு வெள்ளி நாணயத்தில் தரும் வெள்ளிப் பட்டியல். மணிக்கு 10 சென்ட். அமெரிக்கர்கள் கட்டிய காலத்தில் நோயிலும் விபத்திலும் இறந்தவர்கள், அரசுக் கணக்கிலேயே 5,609 பேர். பெரும்பாலானோர் கரீபியன் தீவுக்காரர்கள்.

உங்கள் படக்குறிப்புகளைப் படித்தேன். வலப்பக்கம் கோல்டு ஹில், இடப்பக்கம் கான்ட்ராக்டர்ஸ் ஹில், மாதம், வருடம் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. என் சைட் படங்களிலும் அப்படித்தான்: தூண் எண், தேதி, ஆழம். உள்ளே நிற்பவன் பெயரை நானும் எழுதியதில்லை, அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன். அந்த இரண்டு குன்றுகளுக்கு நடுவே நின்றவர்களில் ஒருவரையாவது, தகட்டை மாற்றும் நேரத்தில், "உன் பேர் என்னப்பா?" என்று கேட்டீர்களா?

இப்படிக்கு,
இன்னொரு படம் எடுக்கிறவன்