ஆடியவர்களின் பெயர்கள் எங்கே? அரங்க நிர்வாகத்தினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அரங்க நிர்வாகக் குழுவினருக்கும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கும்,

வணக்கம். ஆப்பிரிக்க இசையையும் ஆட்டத்தையும் கொண்டாடும் உங்கள் நிகழ்ச்சிக்குக் கடந்த சனிக்கிழமை இரவு என் மகளுடன் வந்திருந்தேன். அப்படியொரு கொட்டொலியை இந்த ஊரில் நான் கேட்டதில்லை. ஆகவே என் குறை மேடையைப் பற்றியதன்று. வாசலில் 15 வெள்ளி கொடுத்து வாங்கிய நிகழ்ச்சிக் கையேட்டைப் பற்றியது. மறுநாளே உங்களுக்கு எழுதினேன். பதில் வராததால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அந்தக் கையேட்டில் இயக்குநருக்கு முழுப் பக்கம் இருக்கிறது. ஒளியமைத்தவருக்கும் உடை தைத்தவருக்கும் படத்துடன் குறிப்பு இருக்கிறது. ஆடியும் பாடியும் கொட்டியும் இரண்டு மணி நேரம் எங்களைக் கட்டிப்போட்ட 22 பேருக்கும் சேர்த்து, ‘ஆப்பிரிக்கக் கலைஞர் குழு’ என்ற ஒரே வரிதான் இருக்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ள ஒரு கண்டத்தில் இவர்கள் எந்த நாட்டவர், எந்த மொழிக்காரர் என்பது எங்கும் இல்லை.

காட்சி முடிந்தபின் பின்வாசலில், ஜெம்பே என்ற கைமுரசு கொட்டிய பெரியவர் விடுதிப் பேருந்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். விரல்களில் வெள்ளை நாடா சுற்றியிருந்தது. அதன் ஓரங்களில் இரத்தம் காய்ந்து பழுப்பேறியிருந்தது. சனிக்கிழமைகளில் இரண்டு காட்சி என்பதால், பகலில் வெடித்த தோல் இரவுக்குள் ஆறுவதில்லை என்று அவர் சொன்னதை, பள்ளியில் பிரெஞ்சு படிக்கும் என் மகள் எனக்குச் சொன்னாள். கையெழுத்துக்காக அவள் கையேட்டை நீட்டினாள். அவர் உடனே எழுதவில்லை. முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டி, படங்களில் சற்று நின்று, பின்னட்டை வரை தேடினார். ஏழு வாரமாக இந்தப் பயணத்தில் இருப்பவர் அந்தக் கையேட்டை அன்றுதான் முதன்முதலில் கையில் வாங்கியிருக்கிறார். பிறகு ‘ஆப்பிரிக்கக் கலைஞர் குழு’ என்ற வரிக்குக் கீழே, மடக்க முடியாத விரல்களுக்கிடையில் பேனாவை இடுக்கிக்கொண்டு, தம் முழுப் பெயரையும் கினி நாட்டுக் குரூசா வட்டாரத்தில் உள்ள தம் ஊரின் பெயரையும் பெரிய எழுத்துகளில் எழுதிக் கொடுத்தார்.

அவர் கொட்டியது துனுன்பா. அந்த வட்டாரத்து மலின்கே மக்கள் ‘வலியவர்களின் ஆட்டம்’ என்று போற்றுவது. கையேடு அதற்கு ‘காட்டின் அழைப்பு’ என்று தலைப்பிட்டிருக்கிறது. குரூசாவோ நைஜர் ஆற்றங்கரைப் புல்வெளி நிலம். ரப்பர் பூட்ஸ் ஆட்டத்துக்கு ‘அறுவடை மகிழ்ச்சி’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அது வயலில் பிறந்ததன்று; தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில், குடும்பத்தை ஊரில் விட்டுவந்து, தேங்கிய நீரில் பூட்ஸ் அணிந்து உழைத்த கறுப்பினத் தொழிலாளர்கள் அந்தப் பூட்ஸையே தட்டித் தாளமாக்கியது. அதை மகிழ்ச்சி என்று அச்சிட்டதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நிறைவுப் பாடலை அரங்கமே எழுந்து நின்று பாடியது. அதைக் கையேடு ‘மரபுப் பாடல்’ என்கிறது. ‘ம்பூபே’ என்ற அந்தப் பாடலை 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் தம் குழுவினருடன் பாடிப் பதிவு செய்தவர் சாலமன் லிண்டா என்ற சூலு இனப் பாடகர். உரிமைக்கு அவர் பெற்றது 10 ஷில்லிங். அந்த மெட்டு உலகெங்கும் பணம் ஈட்டிக்கொண்டிருக்க, அவர் 1962இல் வறுமையில் இறந்தார். நீதிமன்றம் ஏறிய அவருடைய மகள்களுக்கு 2006இல்தான் ஓர் உடன்பாடு கிடைத்தது. பாடியவன் பெயரை விட்டுவிட்டால் பாட்டு யாருடையதாகவும் ஆகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அதே பாடலை வைத்து, அதே தவற்றை, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, நம் அரங்கின் பெயர் பொறித்த தாளில் செய்திருக்கிறோம்.

கலைஞர்களின் ஊதியம், ஓய்வு பற்றியும் கேட்பதற்கு நிறைய இருக்கிறது. உங்கள் ஒப்பந்தங்களை நான் பார்த்ததில்லை என்பதால் அதற்குள் போகவில்லை. ஆனால் ஒரே நாளில் இரண்டு காட்சி கொட்ட வைப்பவர்கள் அந்தக் கைகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான்: பெயர்களை அச்சிடுங்கள். கையேட்டை மறுபதிப்புச் செய்ய நேரமில்லை என்றால், ஒரே ஒரு தாளில் 22 கலைஞர்களின் பெயர், நாடு, மொழி, ஒவ்வோர் ஆட்டமும் எந்த மக்களுடையது என்ற குறிப்பு, சாலமன் லிண்டாவின் பெயர் ஆகியவற்றை அச்சிட்டு, எஞ்சியுள்ள ஒன்பது காட்சிகளுக்கும் கையேட்டினுள் வைத்துத் தாருங்கள். கையேடு வாங்காதவர்களுக்காக அதையே நுழைவாயிலிலும் ஒட்டி வையுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பெரியவர் எழுதிக் கொடுத்த பக்கத்தின் நகலை, அவருடைய இசைவுடன், உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். மற்ற 21 பெயர்களை அவர்களிடமே கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் அச்சிடுங்கள்.

பணிவன்புடன்,
பார்வையாளர் ஒருவர்,
சிங்கப்பூர்