மூன்றாவது பையன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் பாஸ்போர்ட் பீரோவின் மேல் தட்டில், என் சான்றிதழ்ப் பைக்குள் பத்திரமாக இருக்கிறது. நேற்றும் எடுத்துப் பார்த்தேன். காலாவதியாக இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதை ஆரம்பித்தாலும் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்கிறாய். தம்பியிடம் மட்டும் அரைமணி நேரம் பேசுகிறாயாம். பேசு, நல்லதுதான். என்ன பேசினீர்கள் என்று நான் அவனைக் கேட்கவில்லை. கேட்டேன், அவன் சொல்லவில்லை.

உங்கப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாடியில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். வேறு செய்தி ஒன்றும் இல்லை.

ஆகஸ்டு வரப்போகிறது. பிரிட்டன் அரசாங்கம் முதுகலைப் படிப்புக்குக் கொடுக்கும் அந்தச் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பம் ஆகஸ்டில்தான் மறுபடி திறக்கும், உனக்கே தெரியும். ஒரு முறை எழுதியவர்கள் திரும்ப எழுதக் கூடாது என்று எந்த விதியும் கிடையாது. சும்மா ஒரு தகவலுக்குத்தான் சொல்கிறேன். இதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

அது ஒன்றை நம்பித்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இந்த ஒரு மாதமாக ராத்திரி தூக்கம் வராதபோதெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு 1925-லேயே ஆரம்பித்தது. வளரும் நாட்டுப் பிள்ளைகளுக்கென்று அவர்கள் உதவித்தொகை கொடுக்கும் முதுகலைப் படிப்புகள் தனியாக இருக்கின்றன. இரண்டு வருஷ வேலை அனுபவம் வேண்டும், பட்டம் வாங்கி ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்கிறார்கள். உனக்கு இரண்டும் பொருந்துகிறது. ஆனால் அந்த ஆறு வருஷம் நமக்காக நிற்காது, நினைவில் வை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையில் மாதம் 1,400 யூரோ. ஒரே படிப்பைக் குறைந்தது இரண்டு நாடுகளிலாவது படித்தாக வேண்டும். விண்ணப்பத்தை எந்தத் தூதரகத்துக்கும் அனுப்ப வேண்டாம், படிப்பை நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கே நேராக அனுப்பலாம். முடித்ததும் ஊர் திரும்பியாக வேண்டும் என்ற கட்டாயமும் அதில் இல்லை. அதைப் படித்தபோது முதலில் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வயிற்றைப் பிசைந்தது. ஜப்பான் அரசாங்கத்தின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகத்தில் எழுத்துத் தேர்வே வைக்கிறார்கள். எழுத்துத் தேர்வு உனக்கு ஒரு பொருட்டே இல்லை. எதிரில் ஆள் உட்கார்ந்து கேட்டால்தான்... சரி, அதை விடு.

"எந்த அரசாங்கமாவது அடுத்த நாட்டுப் பிள்ளைக்குச் சும்மா பணம் தருமா?" என்று உங்கப்பா கேட்டுக்கொண்டே இருப்பாரே, அதற்கும் பதில் கிடைத்தது. அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகையை எடுத்துக்கொள். போர் முடிந்த கையோடு 1946-ல் அந்தச் சட்டம் வந்தது. வெளிநாடுகளில் மிஞ்சிக் கிடந்த ராணுவச் சாமான்களை அந்தந்த நாட்டுக்கே விற்று, அந்தப் பணத்தில் பிள்ளைகளைப் படிக்க அனுப்பினார்கள். யோசனை சொன்ன செனட்டர் ஃபுல்பிரைட்டே உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போய்ப் படித்தவர்தானாம். உங்கப்பாவிடம் படித்துக் காட்டினேன். "சும்மா இல்லைன்னு நான் சொன்னேனா இல்லையா" என்றார். அவரை ஜெயிக்க முடியாது.

சும்மா இல்லைதான். செவனிங்கில் படித்து முடித்தால் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஃபுல்பிரைட்டில் போனால் அந்த இரண்டு வருஷம் விசாவோடேயே வந்துவிடுகிறது. பெரியப்பா விஷயம் உனக்குத் தெரியும். பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்பதும் தெரியும். அதனால் எங்கே போனாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படி. எனக்கு அனுப்பு, நானும் படிக்கிறேன்.

அனுப்ப வேண்டாம். நீயே படி. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டேன்.

போன வருஷம் நீ அந்த 2,800 மணி நேரத்தைக் கணக்குப் போட்ட காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம். செவனிங்குக்கு இரண்டு வருஷ வேலை அனுபவம் என்றதும், வாரத்துக்கு 35 மணி, வருஷத்துக்கு 40 வாரம் என்று பிரித்து, பகுதி நேர வேலை எவ்வளவு, சம்பளமில்லாமல் செய்தது எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கூட்டினாய். கடைசியில் எண்பது மணி நேரம் உதைத்தது. லீவு போட்ட நாட்களை அதிலும் சேர்த்துக்கொள் என்றேன். மாட்டேன் என்று பழைய வருகைப் பதிவைத் தேடி எடுத்து, விட்டுப்போனதைச் சேர்த்தாய். உன்னைப் போல ஒரு பிள்ளையை என் வகுப்பில் நான் பார்த்ததில்லை. இதை நேரில் உன்னிடம் சொன்னதும் இல்லை.

நேற்று பாஸ்போர்ட்டை எடுத்தபோது அதற்கு அடியில் உன் கட்டுரையின் முதல் பிரதி கிடைத்தது. தலைமைப் பண்பு பற்றி எழுதச் சொல்வார்களே, அது. என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். நீ எழுதியிருந்தாய்: "மாலையில் மூன்று பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பேர் தேறினார்கள். மூன்றாவது பையன் நான்காவது வாரத்தில் வருவதை நிறுத்திவிட்டான். ஏன் நின்றான் என்று போய் விசாரிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அது என் தவறு."

அதற்குமேல் என் சிவப்பு மை. கடைசி மூன்று வரிக்கும் குறுக்கே கோடு, ஓரத்தில் "தேவையில்லை, பலவீனம் தெரிகிறது". மூன்று என்பதை அடித்து "முப்பதுக்கும் மேற்பட்ட". சொல்லிக்கொடுத்தேன் என்பதை அடித்து "மாலைநேரக் கல்வி மையம் ஒன்றை நிறுவி வழிநடத்தினேன்". எல்லாம் என் கையெழுத்துதான். முப்பத்தொரு வருஷம் விடைத்தாள் திருத்திய கை. பக்கத்துப் பையனைப் பார்த்து ஒரு வரி எழுதியவனை எழுப்பி நிற்க வைத்த கை.

நீ அன்றைக்கே சொன்னாய், "அம்மா, இது நான் இல்லை" என்று. விண்ணப்பம் என்றால் அப்படித்தான், எல்லோரும் செய்வதுதான் என்றேன். நீ பேசாமல் தட்டச்சு செய்தாய். அப்படிப் பேசாமல் இருந்தால் அது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏற்றுக்கொண்டதாக வைத்துக்கொண்டேன்.

நேர்காணலில் கட்டுரையில் இருப்பதை வைத்துத்தான் கேட்பார்கள். அந்த மையம் எங்கே நடந்தது, முப்பது பேரையும் எப்படிப் பிரித்தீர்கள், செலவுக்குப் பணம் ஏது என்று கேட்டிருப்பார்கள். நீ இடது காதைத் தொட்டிருப்பாய். ஐந்து வயசிலிருந்து இல்லாததைச் சொல்லும்போது உன் கை அங்கேதான் போகும். வெளியே வந்து போன் பண்ணியபோது, "ஒரு கேள்விக்கு மட்டும் சரியா சொல்லலம்மா" என்றாய். எந்தக் கேள்வி என்று நான் கேட்கவில்லை. மார்ச்சிலிருந்து நான்கு மாதமாக அதைக் கேட்காமலேதான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் கேட்கவில்லை.

அந்தப் போனை வைத்த கையோடு நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் சித்திக்குச் சொன்னேன். என்னோடு வேலை பார்த்தவர்களுக்குச் சொன்னேன். நேர்காணல் நடந்தது என்று சொல்லவில்லை பாப்பா, கிடைத்துவிட்டது என்றே சொன்னேன். செப்டம்பரில் போகிறாள் என்றேன். அவர்கள் உனக்குப் போன் பண்ணி வாழ்த்தியிருப்பார்கள். நீ அவர்களுக்கு என்ன பதில் சொன்னாயோ. அதனால்தான் போன மாதம் விசேஷத்துக்கும் வரவில்லை என்று எனக்கு நேற்றுத்தான் உறைத்தது. அதுவரை உன்மேல்தான் கோபமாக இருந்தேன். பெற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே என்று உங்கப்பாவிடம் அழுதேன். அவர் எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

எல்லோருக்கும் நானே திரும்பப் போன் பண்ணி, நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று பேர் பாக்கி. நாளைக்குச் சொல்லிவிடுவேன். கட்டுரை விஷயத்தைச் சித்தியிடம் மட்டும் சொன்னேன்.

ஜூனிலிருந்து முடிவு தெரிவிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இந்நேரம் கிடைத்திருந்தால் விசாவுக்கு அலைந்துகொண்டிருப்பாய். விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். நேர்காணலுக்கு எடுத்துப்போய், மறுவாரம் கொண்டுவந்து நீயே உள்ளே வைத்தது, வைத்த இடத்திலேயே இருக்கிறது. தினமும் ஒரு தடவை பீரோவைத் திறந்து பார்த்தேன்.

ஆகஸ்டில் எழுதுவதானால் எழுது, வேண்டாமென்றால் விடு. டி.ஏ.ஏ.டி.யின் அந்த ஆறு வருஷத்தை மட்டும் மறந்துவிடாதே. எழுதினால் எனக்குக் காட்டாதே. நான் கேட்டாலும் காட்டாதே.

உன் பழைய பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். கோடு போட்டிருந்தாலும் அடியில் இருப்பதைப் படிக்க முடிகிறது. அந்த மூன்றாவது பையன் ஏன் நின்றான்? இரண்டு மாதம் கழித்துப் போய் விசாரித்ததாக எழுதியிருக்கிறாய், அவன் என்ன சொன்னான் என்று எழுதவில்லை. நானும் அன்றைக்குக் கேட்கவில்லை.

பாஸ்போர்ட்டைக் கூரியரில் அனுப்பட்டுமா, நீ வந்து எடுத்துக்கொள்கிறாயா?

இப்படிக்கு,
அம்மா