கார்பன் டிராக் என்று விற்ற கடல் ரீலுக்குள் கார்க் வட்டு இருந்தது குறித்த புகார்

அனுப்புநர்
உங்கள் விற்பனை ரசீதில் பெயரும் முகவரியும் பதிவாகியுள்ள வாடிக்கையாளர்,
தூத்துக்குடி.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: ஃப்ளை என்னும் செயற்கை இரையால் கடலில் மீன்பிடிக்கும் 12-ஆம் எண் ரீலில், ஓடும் மீனுக்கு பிரேக் போலத் தடை கொடுக்கும் டிராக்கின் பழுது, உத்தரவாத மறுப்பு, பணத்தைத் திரும்பக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய ரீலைப் பற்றித் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் நேரிலும் சொல்லிச் சலித்தவற்றை இப்போது கடிதமாக எழுத வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறேன். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு புதிய புகார் எண் தருகிறீர்கள். ஒவ்வொரு புதிய ஊழியரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ரீலின் அமைப்பை இங்கே விளக்கப் போவதில்லை. அதை இறக்குமதி செய்து விற்பவர்கள் நீங்கள்; உள்ளே எந்த வட்டின் மேல் எந்த வட்டு அமர்ந்திருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

முதலில் சென்னைப் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றவற்றை அமைதியாக எழுத என்னால் இயலாது. ரீலை நேரில் கொண்டுவந்தால் அன்றே பிரித்துப் பார்த்துவிடலாம் என்று உங்கள் உதவி எண்ணில் பேசிய பெண்மணி சொன்னதை நம்பி, முத்துநகர் எக்ஸ்பிரஸில் இரவு முழுவதும் பயணம் செய்து, காலையில் எழும்பூரில் இறங்கி, உங்கள் சேவை மையத்தின் கதவு திறக்கும்வரை வாசலில் நின்றேன். முகப்பு மேசையில் இருந்த இளைஞர் ரீலைக் கையில் வாங்கக்கூட இல்லை. அதைப் பிரிக்கத் தெரிந்தவர் விடுப்பில் இருக்கிறார் என்றும், ரீலை வைத்துவிட்டுப் போனால் ‘பார்க்கலாம்’ என்றும் சொன்னார். தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொன்னபோது, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “மீனுக்காகவா சார் இவ்வளவு அலையுறீங்க? காசிமேட்டுல வாங்கிட்டுப் போயிருந்தா இதைவிட மலிவா முடிஞ்சிருக்கும்” என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். தூத்துக்குடிக்காரனைக் காசிமேட்டுக்கு மீன் வாங்க அனுப்பும் அறிவை என்னவென்று சொல்வது? 62,000 ரூபாய் கொடுத்தவனிடம் இப்படிப் பேசலாம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்பதை எழுத்தில் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இனி வாங்கிய கதைக்கு வருகிறேன். டிராக் எந்தப் பொருளால் ஆனது என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் நான் இந்த ரீலைத் தேர்ந்தெடுத்தேன். நிறத்தையோ எடையையோ நான் கேட்கவில்லை. உங்கள் விற்பனையாளரிடம் நான் பேசியதும், “முழுக்க அடைக்கப்பட்ட கார்பன் ஃபைபர், பராமரிப்பே தேவையில்லை” என்று அவர் உறுதியளித்ததும் அவருக்கு நினைவில்லாமல் போயிருக்கலாம். ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதும் அதே வாசகம்தான்.

கார்க்கை நான் இகழ்பவன் அல்லன். டைபர், ஏபெல் போன்ற பெயர்பெற்ற ரீல்கள் பல பத்தாண்டுகளாகக் கார்க் வட்டை நம்பித்தான் ஃப்ளோரிடாவின் டார்பன் மீன்களை எதிர்கொண்டு வந்திருக்கின்றன. கார்க் அமுங்கும் தன்மையுள்ளது. ஆகவே திருகைச் சிறிது சிறிதாக இறுக்க இறுக்க இழுவையும் சீராக ஏறும், மீன் ஓடத் தொடங்கும்போது வெட்டாமல் வழுக்கிக் கொடுக்கும். ஆனால் அது கவனிப்பைக் கேட்கும் பொருள். ஒவ்வொரு நாளும் நன்னீரில் அலச வேண்டும், உரிய எண்ணெயை மெல்லிய பூச்சாக இட வேண்டும், வைக்கும்போது திருகைத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் கார்க் அமுங்கியபடியே நின்றுவிடும், அல்லது காய்ந்து பளபளப்பேறி உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கவனிப்புக்கு வசதியாகத்தான் அந்த ரீல்களில் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலைக் கழற்றினாலே கார்க் கண்ணில் படும்படி திறந்த அமைப்பில் வைத்திருக்கிறார்கள்.

அந்தமானில் வெளித்தீவுகள் பக்கம் படகிலேயே நாள்கணக்கில் தங்குபவனுக்குக் குடிக்கும் தண்ணீரே அளவோடுதான் கிடைக்கும். ரீலைக் குளிப்பாட்ட எங்கே போவது? அதனால்தான் வெப்பம் தாங்கும், நல்ல ரப்பர் வளையத்தால் அடைக்கப்பட்ட, உப்புநீர் உள்ளே புகாத கார்பன் வட்டு வேண்டும் என்று கேட்டேன். டெஃப்ளான் வகை வட்டுள்ள ஒரு ரீலையும் உங்கள் விற்பனையாளர் காட்டினார். நின்ற ஸ்பூல் கிளம்பும்போது வரும் தொடக்க உதறல் டெஃப்ளானில் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதன் உராய்வு மிகக் குறைவு என்பதால், போதிய இழுவை வேண்டுமானால் பரப்பையோ அழுத்தத்தையோ கூட்ட வேண்டும். தொடர்ந்த அழுத்தத்தில் அது மெல்ல நசுங்கி வடிவம் மாறும். அதனால் வேண்டாம் என்று சொல்லி, கூடுதல் விலை கொடுத்து உங்கள் ‘கார்பன்’ ரீலை வாங்கினேன்.

அதன் பலனை மார்ச் மாதத்தில், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் போர்ட் பிளேரிலிருந்து கிளம்பிய படகில் கண்டேன். பாறைத்திட்டின் ஓரத்தில் 30 கிலோவுக்குக் குறையாத பாரை ஒன்று ஃப்ளையை விழுங்கிவிட்டு ஆழத்தை நோக்கி ஓடியது. ஃப்ளையைக் கட்டும் நுனி நரம்பான டிப்பெட் 10 கிலோ தாங்கும் வகுப்பு. டிராக்கை வில் தராசில் அளந்து 3 கிலோவில் வைத்திருந்தேன். முதல் ஓட்டத்தில் ரீல் லைனைக் கொடுத்தது. 150 மீட்டர் உருவிய பின் மீன் சற்று நின்றது. அது மறுபடி கிளம்பிய கணத்தில் ஸ்பூல் சுழலாமல் பிடித்துக்கொண்டது, ராடு ஒரு முறை குலுங்கியது, டிப்பெட் அறுந்துவிட்டது. ஓட்டத்தின் நடுவில் அறுந்திருந்தால் பவளப்பாறையைக் குறை சொல்லியிருப்பேன். நின்று கிளம்பும்போது அறுந்தது என்பதுதான் உங்கள் டிராக்குக்கு எதிரான சாட்சி.

இதைக் கேட்ட உங்கள் தொலைபேசி ஊழியர், “3 கிலோவுல வெச்சா 10 கிலோ நரம்பு எப்படி சார் அறும்?” என்று ஏதோ திருடனைப் பிடித்துவிட்ட தோரணையில் கேட்டார். அவருக்கான பதிலை இங்கே தருகிறேன். நிறைந்த ஸ்பூலின் விட்டம் 10 சென்டிமீட்டர். லைனுக்கு அடியில் சுற்றியிருக்கும் பேக்கிங் நரம்பு அவ்வளவு தூரம் போன பிறகு மீதியிருந்த சுற்றின் விட்டம் 6 சென்டிமீட்டர்தான். வட்டு கொடுக்கும் முறுக்கம் மாறாது. ஆனால் விட்டம் குறையக் குறைய நரம்பின் மேல் விழும் இழுவை கூடும். 3 கிலோவாக வைத்தது அங்கே 5 கிலோ ஆகிவிடும். ஊர் திரும்பிய பின் அதே வில் தராசால் உங்கள் ரீலை மறுபடி அளந்தேன்: ஓடிக்கொண்டிருக்கும்போது 3 கிலோ காட்டும் டிராக், நின்ற நிலையிலிருந்து அசைய 5 கிலோ கேட்கிறது. நிலை உராய்வுக்கும் இயக்க உராய்வுக்கும் இடையில் இத்தனை இடைவெளி உள்ள வட்டைக் கடல் ரீலில் வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. குறைந்த விட்டத்தில் அந்த 5 கிலோ 8 கிலோவைத் தாண்டும். அத்தனை நீள லைனைத் தண்ணீரில் இழுக்கும் பாரத்தையும், முடிச்சு போட்ட இடத்தில் நரம்பின் வலு குறைவதையும் சேர்த்துக்கொண்டால், 10 கிலோ நரம்பு அறுந்ததில் என்ன வியப்பு?

வெப்பத்தையும் பேசிவிடலாம். 3 கிலோ இழுவையில் 150 மீட்டர் உருவப்பட்டால் குறைந்தது 4,400 ஜூல் ஆற்றல் அந்தச் சிறு வட்டில் வெப்பமாக மாறுகிறது. மீன் அந்தத் தூரத்தைக் கால் நிமிடத்தில் ஓடினால், வீட்டு மேசைக் கிரைண்டரின் மோட்டார் எடுக்கும் மின்சக்தியைப் போல ஏறக்குறைய இருமடங்கு அந்த வட்டில் இறங்குகிறது. கார்க் வெப்பத்தைக் கடத்தாத பொருள். திறந்த அமைப்பில் எதிரே அகலமான அலுமினியப் பரப்பு இருந்தால் அது வெப்பத்தை வாங்கிக் கொள்ளும். காற்றுப் புகாத கிண்ணத்தில், எஃகுத் தட்டுக்கு எதிரே, எண்ணெயில்லாக் கார்க்கை வைத்து மூடினால் என்ன நடக்கும் என்று வடிவமைத்தவர்களைக் கேளுங்கள்.

ஆம், கார்க். சேவை மையத்திலிருந்து நகர மாட்டேன் என்று நான் உட்கார்ந்துவிட்டதால், மதியத்துக்கு மேல் உங்கள் பட்டறையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். உங்கள் நிறுவனத்தில் என்னிடம் மரியாதையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்; இந்தக் கடிதத்தால் அவருக்கு எந்தத் தொல்லையும் வரக் கூடாது. அவர் என் கண்முன்னே மூடியைத் திறந்தார். உள்ளே பழுப்பு நிறக் கார்க் வளையம் இருந்தது. கார்பன் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ரப்பர் வளையம் ஓரிடத்தில் நசுங்கி, பள்ளத்திலிருந்து விலகியிருந்தது. எஃகுத் தட்டில் உப்புப் படிந்து துருவின் கோடுகள் தெரிந்தன. புகுந்த தண்ணீர் வெளியேறவும் வழியில்லை, நான் அலசி எண்ணெய் இடவும் வழியில்லை. கார்க்கின் தொல்லையையும் மூடிய அமைப்பின் தொல்லையையும் ஒரே ரீலில் எனக்கு விற்றிருக்கிறீர்கள். படங்கள் எடுத்து வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகும் முகப்பு மேசை இளைஞர், அதே காசிமேட்டு ஆலோசகர்தான், பணித்தாளில் “எண்ணெய்த் தடம் உள்ளது, உத்தரவாதம் செல்லாது” என்று எழுதி நீட்டினார். அந்த எண்ணெய் எப்படி வந்தது? டிராக் பிடிக்கிறது என்று நான் முதன்முதலில் புகார் செய்தபோது, உங்கள் வாட்ஸ்அப் எண்ணிலிருந்தே, அச்சின் ஓரத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள் என்று பதில் வந்தது. அது இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. பிறகு, கார்பன் டிராக்கில் எண்ணெய் படக்கூடாது என்று உத்தரவாதத்தை மறுக்கிறீர்கள். உள்ளே இருப்பது கார்பன் என்றால், எண்ணெய் விடச் சொன்ன உங்கள் ஊழியர் ரீலைக் கெடுத்தவர். உள்ளே இருப்பது கார்க் என்றால், எண்ணெயைக் காரணம் காட்டி உத்தரவாதத்தை மறுப்பவர் பொய் சொல்பவர். இரண்டில் எதை ஏற்கிறீர்கள்? சொந்தப் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. எனவே தெரிந்தே மறைக்கிறீர்கள் என்றுதான் நான் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

தயவுசெய்து என்னைச் சண்டைக்காரன் என்று எண்ண வேண்டாம். உங்களிடம் முன்பு வாங்கிய ராடும் லைன்களும் நன்றாகவே உழைக்கின்றன. அதை எந்த இடத்திலும் சொல்லத் தயங்க மாட்டேன். ஆனால் 30 கிலோ பாரை ஒருவன் வாழ்நாளில் எத்தனை முறை வரும்? விமானக் கட்டணம், படகு வாடகை, தங்குமிடம், பல மாதங்களாகச் சேர்த்து வைத்த விடுப்பு எல்லாம் உங்கள் ஒரு வட்டால் வீணாயின. இந்த ஆண்டே எனக்குப் பாழாகிவிட்டது என்றால் மிகையில்லை.

ஆகவே ரீலின் விலை 62,000 ரூபாய், அந்தமான் பயணச் செலவு 2,40,000 ரூபாய், மன உளைச்சலுக்கு 1,00,000 ரூபாய், ஆக 4,02,000 ரூபாயைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கொள்முதலுக்கான தள்ளுபடிக் கூப்பனை நான் ஏற்க மாட்டேன்; ஏற்கெனவே ஒன்றை அனுப்பி என் கோபத்தைக் கூட்டியிருக்கிறீர்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து வடிவில் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குச் செல்வேன். பொருளைப் பற்றித் தவறான விவரம் அச்சிட்டு விற்பதை அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. நுகர்வோர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதையும், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குக்குக் கட்டணம் இல்லை என்பதையும் உங்கள் சட்டப் பிரிவு உங்களுக்குச் சொல்லும். அப்போது தூத்துக்குடி ஆணையத்தில் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வாசலில் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அந்த இளைஞரையே அனுப்பிப் பாருங்கள்.

அந்த அளவுக்குப் போகாமல் தீர்ந்தால் எனக்கும் நிம்மதிதான். தாங்கள் நேரடியாகத் தலையிட்டு, இதே வகை ரீல்கள் அனைத்திலும் கார்க்தான் இருக்கிறதா, அல்லது எனக்கு வந்த ஒன்றில் மட்டும் வட்டு மாறியதா என்பதைத் தயாரிப்பாளரிடம் கேட்டுத் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதே ரீலை வாங்கிய இன்னும் சிலர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். எண்ணெய் விடலாமா வேண்டாமா என்று அவர்கள் என்னைக் கேட்கிறார்கள், உங்களைக் கேட்டுப் பலனில்லை என்பதால்.

ரசீதின் நகல், பெட்டியின் படம், பிரித்த ரீலின் படங்கள், வாட்ஸ்அப் பதிலின் படம், உங்கள் பணித்தாள் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். ரீல் என்னிடமே இருக்கிறது. பணம் வந்து சேரும்வரை அதைக் கூரியரில் அனுப்ப மாட்டேன். இனி என்னைத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம். பதில் எதுவானாலும் உங்கள் கையொப்பத்துடன் விரைவு அஞ்சலில் வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தூத்துக்குடி.