தீவு தீவாக நின்று போகும் விமானம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மாடியில் அறை கட்டத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ச்சி. கம்பி விலைப் புலம்பலைத் தனிக் கடிதமாகவே எழுது, பொறுமையாகப் படிக்கிறேன். முதலில் நீ கேட்ட பசிபிக் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஹவாயின் ஹொனலூலுவில் காலையில் புறப்பட்டு மாஜுரோ, குவாஜலின், கொஸ்ரே, போன்பே, சூக் என ஒவ்வொரு தீவாக இறங்கி ஏறி, மாலை மங்கும் நேரத்தில் அமெரிக்காவின் குவாம் தீவைச் சேரும் விமானம் இது. 1968இல் தொடங்கிய சேவை. நம் டவுன் பஸ்தான், வழியில் கடல் இருக்கிறது, அவ்வளவே. நடுவில் பழுதானால் பார்க்க ஆளில்லை என்பதால் ஒரு மெக்கானிக்கும் உதிரிப் பாகங்களும் கூடவே வருவது வழக்கம்.

திங்கட்கிழமை ஏறினேன், ஐந்து மணி நேரம் கழித்து மார்ஷல் தீவுகளின் தலைநகரான மாஜுரோவில் செவ்வாய். தேதிக்கோட்டைத் தாண்டியதை யாரும் பொருட்படுத்தவில்லை. இறங்கும்போது இரு பக்க ஜன்னலிலும் தண்ணீர்தான் தெரிகிறது. சக்கரம் தரையைத் தொடும்வரை ஓடுபாதை இருக்கிறது என்ற நம்பிக்கையே வராது.

மலிவு வகுப்பில் போனது நல்லதாயிற்று. பக்கத்து இருக்கையில் ஒரு மார்ஷல் தீவு அம்மாள். அர்க்கன்சாஸின் ஸ்பிரிங்டேலில் கோழி இறைச்சி ஆலையில் வேலை. அங்கே அவர்கள் ஆட்கள் ஏராளம்; இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி விசா இல்லாமலே அமெரிக்காவில் தங்கி வேலை பார்க்கலாம். அந்த மார்ஷல் தீவுகளில்தான் 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 67 அணு வெடிப்புச் சோதனைகளை நடத்தியது. விசா அதற்கு ஈடாகுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் பேரனுக்கு வாங்கிய ஷூவை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார், கேட்கவில்லை. சரக்குப் பட்டையில் சூட்கேஸைவிட ஐஸ் பெட்டிகள்தான் அதிகம். டேப் சுற்றி, மேலே தடித்த மையில் பெயர் எழுதி வைத்திருந்தார்கள்.

குவாஜலின் அமெரிக்க ராணுவத் தளம். அனுமதி உள்ளவர்கள் மட்டும் இறங்கலாம், படம் எடுக்கக் கூடாது. பக்கத்து எபை தீவில் மக்கள் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். தினமும் படகேறித் தளத்துக்கு வேலைக்கு வருகிறார்கள். ஓடுபாதை ஓரத்தில் புல்லைக்கூட அளவெடுத்து வெட்டியிருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது.

தொடர்ந்து பயணிப்பவர்களுக்கு நிறுத்தங்களில் ஒரு சோதனை உண்டு. எழுந்து நின்று உன் பையை நீயே தொட்டுக் காட்ட வேண்டும். இருக்கை மெத்தையைத் தூக்கிப் பார்ப்பார்கள். மூன்றாவது தீவுக்குள் எல்லோரும் சொல்லாமலே எழுந்து நின்றுவிட்டோம்.

போன்பேயில் மழை. அங்கே மழை இல்லாவிட்டால்தான் செய்தி. சூக்கின் கடலுக்கடியில் 1944இல் மூழ்கிய ஜப்பானியக் கப்பல்கள் கிடக்கின்றன. எங்களோடு இறங்கிய முக்குளிப்பவர்களுக்கு அதுதான் கோயில்.

நீ போவதானால் ஜன்னல் இருக்கை கேட்டு வாங்கு. சாப்பாட்டைக் கையோடு கொண்டு போ, சைவத்தை நம்பி ஏறாதே. தங்கைக்கும் ஆசை என்றாயே, அவர் முழங்கால் இத்தனை ஏற்ற இறக்கத்துக்குத் தாங்குமா? மருத்துவர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
ரகு