அக்கிக்கு இலை மட்டும் போதாது, கண்ணு

அன்பு மகளுக்கு,

காலையில் நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். இடது விலாவில், ஒரே பக்கமாக, கொத்துக் கொத்தாகக் கொப்புளம். கொப்புளம் கிளம்பும் முன்பே அந்த இடம் எரிந்தது என்கிறாய். அக்கி போலத்தான் தெரிகிறது. இலை அரைத்துப் பூசினால் போதுமா என்று கேட்டிருக்கிறாய். போதாது கண்ணு. இன்றைக்கே டாக்டரைப் பார்.

பச்சிலை மேல் எனக்குள்ள பிரியம் உனக்குத் தெரியும். எனக்கு அக்கி வந்தபோது ஐந்து நாள் இலை விழுதையே பூசிக்கொண்டிருந்தேன். குளிர்ச்சியாகத்தான் இருந்தது, தோலும் ஆறிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. சட்டை உரசினாலே சுள்ளென்று இழுக்கும். ஏழெட்டு மாதம் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. மாத்திரை போட்டிருந்தால் அந்த வலி வந்தே இருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொப்புளம் சீக்கிரம் ஆறியிருக்கும், ஆரம்ப வலியாவது தணிந்திருக்கும். அந்த ஐந்து நாளை நான்தான் வீணாக்கினேன்.

சின்ன வயதில் உனக்குச் சின்னம்மை போட்டதே, அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தூங்கிக் கிடந்து, பல வருஷம் கழித்து ஒரு நரம்பு வழியாகத் தோலுக்கு வருகிறது. ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கிளம்புவது அதனால்தான். மேலே பூசும் விழுது அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது. அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். உன் கணக்குப்படி இன்று இரண்டாம் நாள்.

மூலிகையை நான் கைவிடவில்லை. அக்கிக்குப் பின் தங்கிவிடும் நரம்பு வலிக்கு, மிளகாயின் காரத்தைத் தரும் கேப்சைசினை 8 சதவீத அளவில் சேர்த்த ஒட்டுப்பட்டையை டாக்டர்களே ஒட்டுகிறார்கள். அது அளந்து தயாரித்தது, ஆறிய தோலில் மட்டும் ஒட்டுவது. அதை நம்பி மிளகாயை அரைத்துப் பூசினால் புண்ணாகிவிடும். பச்சைப் பூண்டைக் கட்டி வைத்தே தோல் வெந்து போனவர்கள் உண்டு. உடைந்த கொப்புளத்தில் எந்த இலையும் வேண்டாம், கிருமி சேர்ந்து சீழ் பிடிக்கும். எல்லாம் காய்ந்து தோல் மூடிய பிறகு கற்றாழை தடவிக்கொள், இதமாக இருக்கும். முதலில் முழங்கைப் பக்கம் கொஞ்சம் பூசி ஒரு நாள் பார். அப்புறம், கஷாயம் ஏதாவது குடித்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதே.

உன் தோழி கர்ப்பமாக இருக்கிறாள் என்றாயே. கொப்புள நீர் பட்டால், இதுவரை சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். பொருக்குத் தட்டும்வரை அந்த இடத்தை மூடியே வை, துண்டைத் தனியாக வை. கண் பக்கமோ மூக்கு நுனியிலோ ஒரு கொப்புளம் வந்தால்கூட அன்றே கண் டாக்டரிடம் ஓடு.

முதல் மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டாய் என்று எழுது. ராத்திரி தூங்கினாயா என்பதையும் உள்ளபடி எழுது.

அப்பா