மாண்டரேக்கு அம்மாவை அழைத்துச் செல்லும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வரும் சனிக்கிழமை அம்மாவையும் பிள்ளைகளையும் கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடா மீன் காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லவிருப்பதாகவும், எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பட்டியல் அனுப்பும்படியும் எழுதியிருந்தாய். பட்டியல் அனுப்பப் போவதில்லை. சென்ற முறை நாங்கள் பட்டியலோடுதான் போனோம். நண்பகலில் உள்ளே நுழைந்து, தொட்டிக்கு இரண்டு நிமிடம் என்று படமெடுத்துக்கொண்டே ஓடியதில், நீர்நாய்களுக்கு இரை போடும் நேரம் வந்தபோது சின்னவள் என் தோளில் உறங்கிப்போயிருந்தாள். சீட்டுக்குக் கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற நினைப்புதான் அந்த நாளைக் கெடுத்தது.

ஆகவே காலையில் கதவு திறந்ததும் நேராகக் கெல்ப் காட்டின் முன் போய் உட்கார்ந்துவிடுங்கள். 28 அடி உயரமுள்ள அந்தத் தொட்டியின் மேற்புறம் திறந்திருப்பதால் வெயில் அடிவரை இறங்கும். கெல்ப், மரம்போல் உயர்ந்து வளரும் கடற்பாசி; வேரால் சத்தை உறிஞ்சாமல், தன்மீது பட்டு ஓடும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்வதால், நீர் அசையாமல் நின்றால் வாடிவிடும். அதற்காகவே இயந்திரம் வைத்து உள்ளே அலையடிக்கச் செய்திருக்கிறார்கள். பொறுமையாகப் பார்த்தால், காடு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கணம் நின்று, மறுபக்கம் திரும்புவதும், மீன்களும் அதனோடு பின்வாங்கிப் பழைய இடத்துக்கே வருவதும் தெரியும். விரிகுடாவிலிருந்து இறைக்கும் நீரைப் பகலில் நம் பார்வைக்காக வடிகட்டுகிறார்கள். இரவில் வடிகட்டாமல் விடுவதால், அதில் மிதந்து வரும் நுண்ணுயிர்கள் பாறையில் ஒட்டி வாழும் பிராணிகளுக்கு இரையாகின்றன. எதற்கும் காரணம் கேட்கும் உன் மூத்தவனுக்கு இது பிடிக்கும்.

நீர்நாய்களுக்கு இரை போடும் நேரத்தை வாசலிலேயே கேட்டு வைத்துக்கொள். கால் மணி நேரம் முன்பே போனால்தான் பிள்ளைகளுக்குக் கண்ணாடியோரம் இடம் கிடைக்கும். திமிங்கிலம்போல் தோலடியில் கொழுப்பு இல்லாததால், அடர்ந்த ரோமத்தையும் தீனியையும் நம்பியே அவை குளிரைத் தாங்குகின்றன. தம் எடையில் ஏறத்தாழ கால் பங்கை நாள்தோறும் தின்கின்றன. தாயை இழந்து கரையொதுங்கும் குட்டிகளை இங்குள்ள பெண் நீர்நாய்களிடம் விட்டு வளர்த்துக் கடலுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். குட்டி மனிதரோடு பழகிவிடக் கூடாது என்பதற்காக, பராமரிப்பவர்கள் கறுப்பு அங்கியும் முகத்தை மறைக்கும் வெல்டிங் முகமூடியும் அணிந்துதான் அருகில் செல்வார்களாம்.

திருக்கையைத் தொட்டுப் பார்க்கும் குளத்தைக் கடைசிக்கு வை. சட்டைக் கை நனையாமல் யாரும் திரும்புவதில்லை.

அம்மாவைப் பெரிய கடல் தொட்டியின் முன் உட்கார வை. அங்கே சுற்றுவது நம் ஊர்ச் சாளைக்கு உறவான மீன். சூரை அருகில் வந்தால் கூட்டம் பிளந்து வழிவிட்டு மறுபடி கூடும். அந்தக் கட்டடம் நிற்பதே, சாளையை டப்பாவில் அடைத்துவந்து, மீன்வளம் வற்றிய பின் 1973இல் மூடப்பட்ட ஆலையின் இடத்தில்தான். 1984இல் காட்சியகம் திறந்தபோது பழைய கொதிகலன்களை வாசலருகே அப்படியே விட்டுவைத்தார்கள். இதைச் சொன்னால் பேச்சு எப்படியும் நாகர்கோவில் சந்தைக்கும் சாளைக் குழம்புக்கும் போகும். போகட்டும், அவசரப்படுத்தாதே.

கோடையானாலும் மாண்டரேயில் காற்று சில்லென்றிருக்கும். அம்மாவின் ஸ்வெட்டரை மறக்காமல் காரில் வை.

அன்புடன்,
அக்கா